72 கிமீ வேகம், 50 மீட்டரில் நின்றது: எதிர் முடுக்கம் 4-ஆ, 8-ஆ?

கேள்வி (ஜூன் 9, மாலை 6.05)

"ஒரு கார் மணிக்கு 72 கிமீ வேகத்தில் போகிறது. பிரேக் பிடித்ததும் 50 மீட்டரில் நிற்கிறது. எதிர் முடுக்கம் என்ன? 72 என்றால் நொடிக்கு 20 மீட்டர். 50 மீட்டரைக் கடக்க 50/20 = 2.5 நொடி. 20-ஐ 2.5-ஆல் வகுத்தால் 8 வருகிறது. விடைப் பக்கத்தில் 4 என்று போட்டிருக்கிறார்கள். புத்தகம் தப்பா, நான் தப்பா? பிளஸ் ஒன் படிக்கிறேன் சார்."

ஜூன் 9, இரவு 9.20

புத்தகம் சரி தம்பி. எதிர் முடுக்கம் என்றால் வேகம் நொடிக்கு எவ்வளவு குறைகிறது என்பது. விடை 4தான். ஆனால் எங்கே தப்பு என்று பார்க்காமல் சூத்திரத்தை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த கணக்கிலும் இதே குழியில் விழுவாய்.

2.5 நொடி எப்படி வந்தது? 50 மீட்டரையும் நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலேயே கடந்ததாக எடுத்துக்கொண்டாய். அப்படியென்றால் வண்டி பிரேக்கே பிடிக்கவில்லை. தொடக்கத்தில் 20, முடிவில் 0. சீராகக் குறைந்தால் சராசரி 10. 50 மீட்டரை 10-ஆல் வகுத்தால் 5 நொடி. 20 வேகம் 5 நொடியில் போகிறது, நொடிக்கு 4 வீதம். அவ்வளவுதான்.

உன் விடையை நீயே சோதித்திருக்கலாம். எதிர் முடுக்கம் 8 என்றால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்? தொடக்க வேகத்தின் வர்க்கம் 400. அதை எதிர் முடுக்கத்தின் இரு மடங்கால், 2 × 8 = 16-ஆல் வகுத்தால் நிற்கும் தூரம் 25 மீட்டர். கணக்கில் கொடுத்தது 50. பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டது உன் கார்.

பதினாலு வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இந்த 8-ஐ யாராவது எழுதிக் கொண்டுவருவார்கள். சோம்பேறித்தனத்தில் வரும் தப்பு இல்லை இது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று எட்டாம் வகுப்பிலிருந்து கை பழகியிருக்கிறது. வேகம் மாறாதபோது மட்டும் அது சரி என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

ஜூன் 9, இரவு 9.45

விட்டுப்போனது. விடை +4 ஆ, −4 ஆ என்று அடுத்துக் கேட்பாய். முடுக்கம் என்று கேட்டால் −4. எதிர் முடுக்கம் என்று கேட்டால் 4. "எதிர்" என்ற சொல்லிலேயே கழித்தல் குறி ஏறிவிட்டது. "எதிர் முடுக்கம் −4" என்று எழுதினால் வண்டி வேகம் கூடுகிறது என்று ஆகிவிடும்.

ஜூன் 10, காலை 7.10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அங்கே இதற்கு "அமர்முடுகல்" என்று பெயர். முடுக்கத்துக்கு "ஆர்முடுகல்". எனக்கு அமர்முடுகல் ரொம்பப் பிடித்திருக்கிறது. வண்டி அமர்கிறது. கழித்தல் குறிக் குழப்பம் அந்தச் சொல்லில் வரவே வராது. ஆனால் அவர் பதிலைப் படிக்கும்போது நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே "வேகம்" என்றால் நம் திசைவேகம், அதாவது திசையையும் சேர்த்துச் சொல்வது. நம் வேகத்துக்கு அவர்கள் "கதி" என்பார்கள்.

ஜூன் 10, இரவு 10.00

காலையிலிருந்து இந்த 50 மீட்டர் மனசை விட்டுப் போகவில்லை. கணக்கை முடித்து மூடிவிடுகிறோம், உள்ளே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. ஐந்து நொடியையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் நொடியில் வேகம் 20-லிருந்து 16. சராசரி 18. ஆக 18 மீட்டர். இரண்டாவது நொடியில் 14. மூன்றாவதில் 10. நான்காவதில் 6. கடைசி நொடியில் 2. கூட்டினால் 50.

18, 14, 10, 6, 2. எல்லாவற்றையும் 2-ஆல் வகுத்தால் 9, 7, 5, 3, 1. கலிலியோ சாய்தளத்தில் உருண்டையை உருட்டிக் கண்டது 1, 3, 5, 7. பிரேக் பிடிக்கும் வண்டி அதையே பின்னாலிருந்து படிக்கிறது.

என்ன அர்த்தம்? பிரேக் மிதித்து முழுசாக ஒரு நொடி போன பிறகும் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் 50 மீட்டரில் 18 போய்விட்டது. வேகம் பாதியாகும்போது முக்கால்வாசித் தூரம், 37.5 மீட்டர், தீர்ந்திருக்கும். எதிரே ஆள் நிற்பது 40 மீட்டரில் என்றால், "பிரேக் நன்றாகத்தான் பிடித்தது, எப்படி இடித்தது?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். கடைசி 10 மீட்டரில்தான் ஏறக்குறைய பாதி வேகம் குறைய வேண்டியிருந்தது.

வகுப்பில் இதைச் சொல்ல வராந்தாவில் சாக்பீஸால் கோடு போடுவேன். 50 மீட்டருக்கு இடம் ஏது? ஒரு மீட்டருக்கு பத்து சென்டிமீட்டர் என்று சுருக்கி, 180, 140, 100, 60, 20 சென்டிமீட்டரில் ஐந்து கோடு. ஒரு பிள்ளை நான் கை தட்டும்போதெல்லாம் அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். முதல் கோட்டுக்குத் தாவ வேண்டியிருக்கும். கடைசிக் கோட்டுக்குக் கால் விரலை நகர்த்தினால் போதும். அதைச் செய்த பிள்ளை 8 என்று எழுதாது.

ஜூன் 12, மதியம் 1.30

மேலே ஒருவர், "50-ல் போனால் என்ன, 60-ல் போனால் என்ன, பத்து கிலோமீட்டர்தானே" என்று எழுதியிருக்கிறார். இதைச் சும்மா விட முடியாது.

இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 50, ஒன்று 60. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குறுக்கே ஆளைப் பார்க்கிறார்கள். கண் பார்த்து, கால் ஆக்சிலேட்டரை விட்டு பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைப்போம். காய்ந்த தார் ரோடு, இரண்டுக்கும் எதிர் முடுக்கம் 7.

50-ல் வந்தவர்: அந்த ஒரு நொடியில் 13.9 மீட்டர், பிரேக்கில் 13.8 மீட்டர். மொத்தம் 27.7. ஆள் நிற்பது 28 மீட்டரில் என்றால் பம்பர் முழங்காலைத் தொடாமல் நின்றுவிடும்.

60-ல் வந்தவர்: முதல் நொடியிலேயே 16.7 மீட்டர் போய்விட்டது. பாக்கி 11 மீட்டர். வேகத்தின் வர்க்கம் 277.8. அதில் 2 × 7 × 11 = 154 கழிகிறது. மீதி 123.8. வர்க்கமூலம் 11.1. மணிக்கு 40 கிமீ.

முதல் கார் முழுசாக நின்ற அதே இடத்தில் இரண்டாவது கார் 40 கிமீ வேகத்தில் இடிக்கிறது. வித்தியாசம் பத்துதானே என்று கேட்டவர் இந்த 40-ஐ ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டிக்கொள்ளட்டும். 40 கிமீ என்பது ஆறு மீட்டருக்கு மேல், இரண்டு மாடி உயரத்திலிருந்து கீழே விழும் வேகம்.

இதைத் தட்டச்சு செய்யும்போதே கை நடுங்குகிறது. காரணம் உண்டு, இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஜூன் 12, இரவு 8.15

லண்டனில் வண்டி ஓட்டும் அன்பர், "இங்கே ஓட்டுநர் தேர்வுக்கே இந்தத் தூர அட்டவணையைப் படிக்க வேண்டும்" என்கிறார். அந்த நாட்டு நெடுஞ்சாலை விதிநூலில் இருப்பது: மணிக்கு 30 மைல் என்றால் யோசிக்கும் தூரம் 9 மீட்டர், பிரேக் தூரம் 14 மீட்டர். 70 மைல் என்றால் 21, 75.

அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும் எதிர் முடுக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 30 மைல் என்பது நொடிக்கு 13.4 மீட்டர், வர்க்கம் சுமார் 180, 2 × 14 = 28-ஆல் வகுத்தால் 6.4. 70 மைல் என்பது 31.3, வர்க்கம் 980, 2 × 75 = 150-ஆல் வகுத்தால் 6.5. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். யோசிக்கும் நேரம் இரண்டிலும் 0.67 நொடி. தம்பி, இது உனக்கு நல்ல பயிற்சி. அட்டவணையைக் கொடுத்து அதன் பின்னால் இருக்கும் எண்ணைக் கேட்டால் பாதி வகுப்பு விழிக்கும்.

ஆனால் 0.67 நொடி என்பது ஏற்கெனவே கவனமாக இருப்பவருக்கு. ஸ்கேலை நழுவவிட்டுப் பிடிக்கும் விளையாட்டில் 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.2 நொடி. அது விரலைக் குவித்துக் காத்திருக்கும்போது வரும் எண். ரோட்டில் யாரும் விரலைக் குவித்துக் காத்திருப்பதில்லை. நான் ஒரு நொடி என்று வைத்ததை மாற்றப்போவதில்லை.

ஜூன் 14, மாலை 5.40

புதிய கேள்வி, ஒரு தங்கை கேட்டது: "லாரி கனம். அதனால் அதன் எதிர் முடுக்கம் குறைவாகத்தானே இருக்க வேண்டும் சார்?"

சூத்திரத்தில் கனம் அடிபட்டுவிடும். ரோடு டயரைப் பிடிக்கும் விசை, உராய்வுக் குணகம் (ரோடும் டயரும் எவ்வளவு பற்றும் என்று சொல்லும் எண்) × எடை. எடை கூடினால் பிடியும் அதே அளவு கூடும். விசையை நிறையால் வகுத்தால் மிஞ்சுவது உராய்வுக் குணகம் × 9.8. காய்ந்த ரோட்டில் குணகம் 0.7 என்றால் 6.9. நனைந்த ரோட்டில் 0.4 என்றால் 3.9. 60 கிமீ வேகத்தில் காய்ந்த ரோட்டில் 20 மீட்டர், நனைந்த ரோட்டில் 35 மீட்டர். காருக்கும் இதுதான், லாரிக்கும் இதுதான், தாளில்.

தாளுக்கு வெளியே அப்படி இல்லை. எங்கள் ஊர் நாமக்கல். அப்பா லாரி ஓட்டினார், முட்டை லோடு. அவர் சொன்னதை நான் பிளஸ் டூ படிக்கும்போது நம்பவில்லை: "லோடு ஏத்தின வண்டியைவிட காலி வண்டிதான்டா பிரேக்ல வழுக்கும்." கனம் அடிபட்டுவிடுமே என்று வாதாடினேன். சூத்திரம் சொல்வது, டயர் வழுக்கும் எல்லை வரை பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும். முழு லோடுக்குப் போதுமான பிரேக்கைக் காலி வண்டியில் அதே பலத்தோடு மிதித்தால், பின் சக்கரத்தின்மேல் எடை இல்லாததால் அது சட்டென்று பூட்டிக்கொள்ளும். வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பும். அவர் இருபது வருஷம் காலில் உணர்ந்ததை நான் ஒரு வரிச் சூத்திரத்தை வைத்து மறுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கூடவே, லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது. மிதித்ததும் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர்ந்துதான் பிடிக்கும். அந்த இடைவெளியில் வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அட்டையில் 30 முட்டை, அட்டைமேல் அட்டை. அப்பா 60-ல் வருவார், சிக்னல் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கால் ஆக்சிலேட்டரை விட்டுவிடும். எதிர் முடுக்கம் 1 என்று வைத்தால் நிற்க 139 மீட்டர் வேண்டும். பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஜூன் 15, காலை 6.50

நேற்று மறந்த ஒன்று. நிற்பதற்குச் சற்று முன்னால், வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்ததும், அப்பா பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் எடுப்பார். எனக்கு அது புரியவே இல்லை. நிற்கப்போகிற வண்டியில் ஏன் பிரேக்கை விட வேண்டும்?

பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால், வண்டி நின்ற கணத்தில் எதிர் முடுக்கம், 3 என்று வைப்போம், 3-லிருந்து 0-க்குத் தாவுகிறது. அதுவரை முன்னால் சாய்ந்து தாங்கிக்கொண்டிருந்த உடம்பு பின்னால் துள்ளும். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுவோமே, அதுதான். முடுக்கம் எவ்வளவு என்பது ஒரு விஷயம். அது எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது இன்னொரு விஷயம். பிளஸ் ஒன் பாடம் முதல் விஷயத்தோடு நின்றுவிடுகிறது.

ஜூன் 16, இரவு 9.05

இன்று அளந்துவிட்டேன். சேந்தமங்கலம் டவுன் பஸ், டிரைவருக்குப் பின் சீட். கோணமானியின் நடுத் துளையில் நூல், நூலின் முனையில் ஒரு நட், நூல் நீளம் 20 சென்டிமீட்டர். பிரேக் பிடித்தால் நட் முன்னால் போகும். அந்தக் கோணத்தின் டேன் மதிப்பை 9.8-ஆல் பெருக்கினால் எதிர் முடுக்கம். வேகமும் வேண்டாம், தூரமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

சாதாரண ஸ்டாப்பில் 10 டிகிரி. டேன் 0.176, ஆக 1.7. ஒரு இடத்தில் குறுக்கே டிவிஎஸ் வந்து டிரைவர் சடாரென்று மிதித்தார். 24 டிகிரி. டேன் 0.445, ஆக 4.4! டவுன் பஸ்ஸில் 4.4 என்றால் நின்றவர்கள் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். ஒருவர்கூட விழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த பாட்டி ஒரு அடி மட்டும் முன்னால் வைத்தார்.

ஜூன் 17, காலை 8.30

24 டிகிரி தப்பு. ராத்திரி எழுதி முடித்துப் படுத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பாட்டி ஓர் அடிதான் வைத்தார் என்பது எனக்கே இடித்தது, ஆனாலும் எண்ணை நம்பி எழுதிவிட்டேன்.

நூலில் கட்டிய நட் ஓர் ஊசல். சடாரென்று பிரேக் பிடித்தால் அது போக வேண்டிய கோணத்தில் போய் நிற்காது. தாண்டிப்போய்த் திரும்பி வரும். முதல் வீச்சில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போகும். நான் பார்த்த 24 அந்த முதல் வீச்சு. உண்மையான கோணம் 12 பக்கம். எதிர் முடுக்கம் 2.1. பாட்டி சொன்னதுதான் சரி.

20 சென்டிமீட்டர் நூல் ஒரு முழு ஆட்டத்துக்கு 0.9 நொடி எடுக்கும். ஆகவே நாலு நொடி பிரேக்கில் நாலு தடவை ஆடிவிடும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் எது என்று பார்க்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் கண்ணால் அது முடியாது. சாதாரண ஸ்டாப்பில் டிரைவர் மெதுவாக மிதித்ததால் 10 டிகிரி ஓரளவு சரியாக இருக்கும். அதையும் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஜூன் 17, இரவு 7.20

"மொபைலிலேயே முடுக்கமானி இருக்கிறதே, நட் எதற்கு?" என்று மூன்று பேர். இருக்கிறது. என் ஸ்கூட்டரில் கட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் ஸ்கூட்டரின் மூக்கு இறங்கும், மொபைலும் கூடவே சாயும். வெறும் 3 டிகிரி சாய்ந்தால் புவியீர்ப்பில் 0.5 அளவு திருட்டுத்தனமாகச் சேர்ந்துவிடும். மொபைல் 5.5 என்று காட்டினால் உண்மை 5. தசமத்துக்குப் பின்னால் மூன்று இலக்கம் காட்டுகிறது என்பதால் அது சரியாகிவிடாது.

ஜூன் 19, இரவு 11.10

கை நடுங்கியதன் காரணம் சொல்கிறேன் என்றேன்.

கல்யாணம் ஆன புதிது. பழைய ஸ்கூட்டர், இரண்டு பக்கமும் டிரம் பிரேக். எங்கள் தெரு முனையில் பெட்டிக்கடை. அதன் பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடி வந்தான். ஆறு வயது இருக்கும். நான் மிதித்தேன். பின் சக்கரம் கீச்சென்று பூட்டிக்கொண்டு வண்டி நேராக இழுத்துக்கொண்டே போனது. நின்றபோது முன் சக்கரத்துக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண். டயர் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, டயரைப் பார்த்துத்தான் அழுதான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ரோட்டில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது, கடைப் படிக்கு நேரே தொடங்கி. பதினைந்து தப்படி. 11 மீட்டர். கணக்குப் போட்டேன். எதிர் முடுக்கம் 6.9, தூரம் 11. 2 × 6.9 × 11 = 152. வர்க்கமூலம் 12.3. மணிக்கு 44 கிமீ. அந்தத் தெருவுக்குள் 44. நான் 30-ல்தான் வந்தேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அந்த 44 என்னோடு இருக்கிறது.

ஜூன் 21, மாலை 4.00

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மெக்கானிக் அண்ணன் ஒரே வரி எழுதியிருந்தார்: "கோடு ஒண்ணா, ரெண்டா? முன் பிரேக் பிடிச்சீங்களா?"

பிடிக்கவில்லை. "முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்" என்று சொல்லித்தான் எனக்கு வண்டி பழக்கினார்கள். இடக்கையில் முன் பிரேக் எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்று எழுதப்போய், நிறுத்தினேன். அந்த வண்டியில் முன் பிரேக் வலக்கையில், பின் பிரேக் காலில். கை எங்கே என்றுகூடச் சரியாக நினைவில்லாத அளவுக்கு அதைத் தொட்டதில்லை.

கோடு பின் சக்கரம் மட்டும் போட்டது. அப்படியென்றால் 6.9 என்று எடுத்ததே தப்பு. பின் சக்கரம் மட்டும் பூட்டினால் ரோட்டின் பிடி அந்தச் சக்கரத்தின்மேல் இருக்கும் எடைக்கு மட்டும். நிற்கும்போது நூற்றுக்கு அறுபது பங்கு பின்னால் இருக்கிறது என்று வைப்போம். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகும், பின்னால் மிஞ்சுவது நாற்பத்தைந்து பங்கு. 6.9-ல் நாற்பத்தைந்து பங்கு 3.1. 3 என்றே வைக்கிறேன். 2 × 3 × 11 = 66. வர்க்கமூலம் 8.1. மணிக்கு 29 கிமீ.

வீட்டில் சொன்ன 30 உண்மைதான். இத்தனை வருஷம் தப்பான 44-ஐச் சுமந்திருக்கிறேன்.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடித்திருந்தால் எதிர் முடுக்கம் 6 கிடைத்திருக்கும். அப்போது நூற்றுக்கு எழுபது பங்கு எடை முன் சக்கரத்தில் இருக்கும், வேலை செய்ய வேண்டியதே அந்தச் சக்கரம்தான். 66-ஐ 12-ஆல் வகுத்தால் 5.5 மீட்டர். பையனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இல்லை, ஐந்தரை மீட்டருக்கு மேல் இருந்திருக்கும். வேகம் என் தப்பு இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு.

குப்புற விழுவோம் என்பதில் உண்மையே இல்லையா? மணலில், வளைவில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் விழுவோம். நேரான ரோட்டில் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டினால் விழ மாட்டோம். 2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், மற்றவற்றில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸாவது கட்டாயம் ஆக்கினார்கள். சிபிஎஸ் இருந்தால் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு காலி மைதானத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே.

ஜூன் 22, காலை 9.15

கொல்லிமலை பற்றிக் கேட்டவருக்கு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக் ஏன் "எரிகிறது"? 15 டன் பஸ் ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் 147 மெகா ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 0.29 மெகா ஜூல். மொட்டை மாடியில் இருக்கும் 500 லிட்டர் கறுப்புத் தொட்டி நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. எல்லாவற்றையும் பிரேக் லைனிங் தாங்கினால் அது கருகி, பிடி போய்விடும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது, பாதிச் சுமையை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

ஜூன் 23, இரவு 8.40

தம்பி கேட்டது: "சராசரி எதிர் முடுக்கம் தெரிந்தால் போதாதா சார்? நடுவில் கூடக்குறைய இருந்தால் என்ன?"

நிற்கும் தூரத்துக்கே போதாது. முதலில் மெதுவாகவும் கடைசியில் பலமாகவும் பிடித்தால் அதே ஐந்து நொடியில் 50 மீட்டருக்கு மேல் போயிருப்பாய். முதல் நொடியிலேயே போன 18 மீட்டரை நினைத்துப்பார்.

உடம்புக்கும் போதாது. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜான் பால் ஸ்டாப் என்ற விமானப்படை மருத்துவர் ராக்கெட் வைத்த தண்டவாள வண்டியில் தானே உட்கார்ந்து மணிக்கு 1,017 கிமீ வேகத்தைத் தொட்டார். 1.4 நொடியில் வண்டி நின்றது. கணக்குப் போடு. 1,017 என்பது நொடிக்கு 282.5 மீட்டர். 1.4-ஆல் வகுத்தால் 202. புவியீர்ப்பைப்போல் 20 மடங்குக்குச் சற்று மேல். ஆனால் அவர் உடம்பு தாங்கிய உச்சம் 46 மடங்கு. சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் உடைந்து சிறிது நேரம் பார்வை இல்லை, அப்புறம் திரும்பியது. அந்தக் கண்ணிடம் போய்ச் சராசரி 20தான் என்று சொல்ல முடியாது.

ஜூன் 26, மாலை 6.30

நட்டுக்குப் பதில் ஒரு வழி கிடைத்தது. தட்டையான, நீளமான கண்ணாடி பாட்டில், உள்ளே பாதிக்கு விளக்கெண்ணெய். பாட்டிலை நீளவாக்கில் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். பிரேக் பிடித்தால் எண்ணெய் முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இறங்கும். இரண்டு முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நீளத்தால் வகுத்தால் அதுவே டேன். கோணமானியும் தேவை இல்லை, ஸ்கேல் போதும். தண்ணீர் அலையடிக்கும். விளக்கெண்ணெய் அதன் கெட்டியான குணத்தால் இரண்டாவது ஆட்டத்துக்கே போகாது. பாட்டிலின் இரண்டு முனையிலும் சென்டிமீட்டர் கோடு ஒட்டி, மொபைலில் வீடியோ எடுத்துப் பிறகு நிறுத்திப் பார்க்கிறேன்.

ஜூன் 30, இரவு 9.00

தம்பி ஸ்கூல் பஸ்ஸில் செய்து பார்த்துவிட்டான். 20 சென்டிமீட்டர் பாட்டில், உயர வித்தியாசம் 3 சென்டிமீட்டர். அவன் எழுதியது அப்படியே:

"0.15 × 9.8 = 1.47. டிரைவர் அண்ணா 36-ல் வந்ததாகச் சொன்னார். நொடிக்கு 10 மீட்டர். 10-ஐ 1.47-ஆல் வகுத்தால் 6.8 நொடி. சராசரி 5, அதனால் 34 மீட்டர். ஸ்டாப்புக்கு முன்னால் இருக்கும் புளியமரத்திலிருந்து நடந்து பார்த்தேன் சார், 48 தப்படி."

என் தப்படிக்கு 36 மீட்டர் வரும். உன் தப்படி எவ்வளவு என்று அளந்து எழுது. அப்புறம், அந்தப் புளியமரத்துப் பக்கம் ரோடு கீழே சாய்கிறதா என்று பார்த்துவிட்டு வா. சாய்ந்திருந்தால் பஸ் நிற்கும்போதே எண்ணெய் முன்னால் ஏறியிருக்கும், அதை 3-லிருந்து கழிக்க வேண்டும்.